லாட்ஜ் வைஃபையில் அந்த முதல் பக்கம் எப்படி வருகிறது?

வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பகுதி லாட்ஜுகளில் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள் பலர். ஊரிலிருப்பவர்களோடு வீடியோ காலில் பேசுவதற்கும், பரிசோதனை முடிவுகளை அனுப்புவதற்கும் அவர்கள் நம்பியிருப்பது லாட்ஜின் வைஃபையைத்தான். அதில் இணைந்தவுடன் அறை எண்ணையும் மொபைல் எண்ணையும் கேட்டு ஒரு பக்கம் தானாகத் திறக்கிறது. அதை நிரப்பும்வரை வேறு எதுவும் திறப்பதில்லை. யாரும் கேட்காத அந்தப் பக்கம் எங்கிருந்து வருகிறது?

வைஃபை சிக்னலைப் பிடித்ததும் போன் முதலில் கேட்பது ஓர் ஐபி முகவரி, அதாவது தரவு தன்னிடம் வந்துசேர வலையில் அதற்குத் தரப்படும் எண். லாட்ஜின் ரவுட்டர் தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் குறிப்பிட்ட கால அளவுக்குக் கொடுக்கிறது. அப்போதே போனின் மேக் முகவரியையும், அதாவது வைஃபையில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் 48 பிட் எண்ணையும், அது குறித்துக்கொள்கிறது. அனுமதிப் பட்டியலில் அந்த எண் இல்லையென்றால், உள்நுழைவுப் பக்கத்துக்குத் தேவையானவை தவிர மற்றப் போக்குவரத்து முழுவதும் நிறுத்தப்படும்.

வெறுமனே நிறுத்தினால் விருந்தினருக்குக் காரணம் புரியாது. எனவே ரவுட்டர் ஒரு தந்திரம் செய்கிறது. போன் ஏதோ ஒரு செய்தித் தளத்தைக் கேட்டால், அந்தக் கோரிக்கையை வழியிலேயே மறித்து, அந்தத் தளமே பதில் சொல்வதுபோல, ‘நீங்கள் தேடும் பக்கம் இந்த முகவரியில் இருக்கிறது’ என்று உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. கடிதத்தைத் தபால்காரரே பிரித்துப் படித்து, பெறுநரின் பெயரில் பதிலும் எழுதிக் கொடுப்பதற்கு நிகரான செயல் இது. பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் பழைய எச்டிடிபி முறையில் பதில் சொல்வது யார் என்று சரிபார்க்க வழியே இல்லாததால் இந்த ஏமாற்று எளிதாக நடந்தது.

இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் முறைக்கு மாறிவிட்டன. தளம் தன் சான்றிதழைக் காட்டி அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. வங்கியின் சான்றிதழை லாட்ஜ் ரவுட்டரால் காட்ட முடியாது. ஆகவே ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வருகிறது. பலர் அதை லாட்ஜ் வைஃபையின் கோளாறாக நினைத்துத் தாண்டிச் செல்ல முயல்கிறார்கள். உண்மையில் பிரவுசர் சரியாகத்தான் சொல்கிறது: நடுவில் ஒருவர் ஆள்மாறாட்டம் செய்துகொண்டிருக்கிறார்.

இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர்கள் போன் தயாரிப்பாளர்கள். புதிய வைஃபையில் சேர்ந்தவுடன், பயனர் எதையும் திறப்பதற்கு முன்பே, ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரிக்கு வேண்டுமென்றே மறைகுறியாக்கம் இல்லாத, அதாவது பழைய எச்டிடிபி முறையிலான, சிறு கோரிக்கையை அனுப்புகிறது. அதற்கு உரிய பதில் 204 என்ற குறியீடு மட்டும். உள்ளடக்கம் எதுவும் இருக்கக் கூடாது. ஐபோன் ஆப்பிளின் ஒரு பக்கத்தைக் கேட்டு, அதில் ‘சக்ஸஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கிறது. எதிர்பார்த்த பதிலுக்குப் பதிலாக லாட்ஜின் திசைதிருப்பல் வந்தால், நடுவில் ஒரு தடுப்பு இருப்பதை உணர்ந்து போனே அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. ஏமாற்றப்படுவதற்கென்றே அனுப்பப்படும் கோரிக்கை என்று இதைச் சொல்லலாம். ஐபி முகவரியைக் கொடுக்கும்போதே உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியையும் வெளிப்படையாகச் சொல்லிவிடும் நேர்மையான முறை ஒன்று 2020-இல் தரப்படுத்தப்பட்டது. ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் அதைப் புரிந்துகொள்கின்றன. ரவுட்டரும் அதற்கேற்ப அமைக்கப்பட்டிருந்தால்தான் பயன்.

மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கப்படுவதற்குக் காரணம் உண்டு. பொது வைஃபையைப் பயன்படுத்துவோரின் அடையாளம் பதிவாக வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009-இல் அறிவுறுத்தியது. அடையாள அட்டை நகல் அல்லது எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பு என்பவை அதற்கான வழிகள். வேலூரில் இந்த இடத்தில்தான் சிக்கல் அதிகம். பல உள்நுழைவுப் பக்கங்கள் 10 இலக்க இந்திய எண்ணை மட்டுமே ஏற்பதால், டாக்காவிலிருந்து வந்தவரின் எண் முதல் படியிலேயே தள்ளப்படுகிறது. கட்டடத்தின் நடுவில் சன்னல் இல்லாத அறைகளில் வைஃபை முழுமையாக இருந்தும் மொபைல் சிக்னல் இல்லாததால் ஓடிபி வந்து சேர்வதில்லை. ரிசப்ஷனில் பாஸ்போர்ட் நகலை வாங்கிக்கொண்டு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டைக் கொடுப்பது இதற்கு நல்ல மாற்று.

உள்நுழைந்த பிறகு ரவுட்டர் செய்வது ஒன்றே: போனின் மேக் முகவரியை, காலக்கெடுவும் வேக வரம்பும் சேர்த்து, அனுமதிப் பட்டியலில் எழுதுகிறது. ஆளை அது அறியாது, எண்ணை மட்டுமே அறியும். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் பின்தொடரப்படுவதைத் தவிர்க்க உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி எண்ணைக் காட்டுகின்றன. அந்த எண் மாறிவிட்டால் ரவுட்டருக்கு அது புதிய போன். நேற்று உள்நுழைந்தவரிடமே மீண்டும் ஓடிபி கேட்கும், ‘அறைக்கு இரண்டு கருவிகள்’ என்ற வரம்பும் காரணமின்றித் தீர்ந்துபோகும். போன் அமைப்பில் அந்த வைஃபைக்கு மட்டும் நிலையான முகவரியைத் தேர்ந்தெடுத்தால் தொல்லை தீரும்.

காட்பாடி ரயில் நிலையத்தின் அருகே, சில மணி நேரம் மட்டும் தங்கிச் செல்பவர்கள் வரும் விடுதிகளில் வேறொரு கோளாறு நேரக்கூடும். வழக்கமான அமைப்பில் ஒரு ரவுட்டரிடம் இருப்பது 250-க்குச் சற்று மேற்பட்ட ஐபி முகவரிகள்தாம். ஒவ்வொன்றையும் 24 மணி நேரத்துக்குக் கொடுத்தால், காலையில் அறையைக் காலி செய்தவரின் போன் சென்னையை அடைந்த பிறகும் முகவரி அதன் பெயரிலேயே இருக்கும். மாலையில் வருபவரின் போன் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற நிலையிலேயே நின்றுவிடும். ரவுட்டரை அணைத்துப் போடுவது பல சமயம் பலிப்பதற்குக் காரணம், சிறிய கருவிகள் பலவற்றில் யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியல் மின்சாரத்தோடு அழிந்துவிடுவதுதான். கால அளவை இரண்டு மணி நேரமாகக் குறைப்பதும், முகவரிக் கையிருப்பை ஆயிரம் வரை விரிவாக்குவதுமே முறையான தீர்வு. இரண்டுக்கும் செலவு கிடையாது.

நன்கு அமைக்கப்பட்ட லாட்ஜ் வைஃபையில் ஒரு விருந்தினரின் கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ஒவ்வொன்றும் தனிமைப்படுத்தப்பட்டிருக்கும். முன்பின் தெரியாத நூறு பேர் ஒரே வலையில் இருக்கும் இடத்தில் இது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன். ஒரே அறையிலுள்ள போனிலிருந்து லேப்டாப்புக்கு லாட்ஜ் வைஃபை வழியே ஸ்கேன் படங்களை நேரடியாக அனுப்ப முயன்றால் அது முடியாமல் போவதற்கும் காரணம் இதுவே. போனின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி லேப்டாப்பை அதில் இணைத்தால் படங்கள் போய்ச்சேரும்.