எழுத்தை விடுங்கள், ஓசையைப் பிடியுங்கள்

1880-இல் அமெரிக்க நகரம் ஒன்றில் கணக்கெடுப்பு அதிகாரி கதவைத் தட்டுகிறார். கதவைத் திறந்த ஐரிஷ்காரர் ‘கேன்’ என்கிறார். ஐரிஷ் மொழியில் அது ‘ஓ கஹாய்ன்’. ஆங்கிலத்தில் அதை நான்கைந்து விதமாக எழுதலாம். பெயர் சொன்னவருக்கே எழுத்து தெரியாவிட்டால், அதிகாரியின் காதுக்கு எட்டியதுதான் ஆவணம். அயர்லாந்திலிருந்து போன முன்னோரைப் பழைய ஏடுகளில் தேடுபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளை விசாரித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். நம்பாதீர்கள். கப்பல் நிறுவனம் தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துத்தான் அங்கே விசாரித்தார்கள். தவிர, அந்த நிலையம் திறந்ததே 1892-இல். 1840-களில் அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு 1918-இல் காப்புரிமை பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ முறை ஒரு வழி காட்டியது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் தருவார்கள். சல்லிவனில் ‘எல்’ 4, ‘வி’ 1, ‘என்’ 5; இரட்டை ‘எல்’லை ஒன்றாகவே எண்ணுவதால், எஸ்-415. ‘எல்’ ஒன்றோ இரண்டோ, இடையில் ‘ஐ’யோ ‘ஏ’யோ, எல்லாச் சல்லிவன்களும் ஒரே பெட்டியில் வந்து சேருவார்கள். ஆனால் முன்னால் ஓர் ‘ஓ’ ஒட்டிக்கொண்டால் போதும், ஓ’சல்லிவன் ஓ-241 ஆகி வேறு பெட்டிக்குப் போய்விடுவார். கடல் தாண்டும் முன்பே பலர் அந்த ‘ஓ’வைக் கழற்றியிருந்ததால் இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்தாக வேண்டும். கொல்லர் மகன் என்று பொருள்படும் ‘மக் கவன்’ ஆங்கிலத்தில் ‘ஸ்மித்’ ஆகியிருந்தால் சவுண்டெக்ஸ் கைவிரித்துவிடும். அங்கே மாறியிருப்பது ஓசையல்ல, மொழி.

அமெரிக்கப் பக்கம் இவ்வளவு என்றால், அயர்லாந்துப் பக்கம் பெரும் ஓட்டை. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பக வெடிப்பிலும் தீயிலும் அழிந்தது. 1861, 1871 ஏடுகளை அரசே அழித்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாயின. அந்தத் தீக்கு முன் எடுத்த கணக்கெடுப்புகளில் முழுதாகக் கிடைப்பவை 1901-உம் 1911-உம் மட்டுமே.

ஆனால் தீக்கு முன் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 1909 ஜனவரியில் எழுபது வயதைத் தொட்டவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் தரத் தொடங்கினார்கள். அயர்லாந்தில் அனைவரின் பிறப்பையும் பதியத் தொடங்கியதே 1864-இல்தான். கிழவர்கள் வயதை எப்படி நிரூபிப்பார்கள்? 1841, 1851 ஏடுகளில் தங்கள் பெயரைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. பெற்றோர் பெயர், மாவட்டம், திருச்சபை வட்டாரம், அதற்கும் கீழே ‘டவுன்லேண்ட்’ எனும் சிற்றூர் வரை அவற்றில் உண்டு. ஓரத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுத்தர் குறித்த படிவத்தையும் ஒதுக்க வேண்டாம். விண்ணப்பித்த கிழவி தன் தாய் தந்தை பெயரையும் ஊரையும் அதில் சொல்லியிருப்பாள்.