அல்காரிதம்: விதியா, நெறியா, படிமுறையா?

மதுரையில் கைப்பேசியை வைத்துப் பிழைக்கிறவர்கள் வாயில் இப்போது அடிக்கடி விழுகிற சொல் அல்காரிதம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடைகளைப் படம் பிடித்துப் போடும் பையனிடம் பேசினால், "போன வீடியோ நல்லாப் போச்சுண்ணே, இதை அல்காரிதம் அமுக்கிருச்சு" என்பான். அழகர் ஆற்றில் இறங்கிய காட்சி எதிர்பாராமல் ஓடிவிட்டால், "அல்காரிதம் தூக்கிவிட்டுருச்சு." அமுக்குகிறது, தூக்குகிறது, கண்டுகொள்ளாமல் விடுகிறது. கிரகப் பலன் சொல்கிற மாதிரியே இருக்கிறது, பரிகாரம் மட்டும்தான் பாக்கி. யோசித்தால் அதுவும் இருக்கிறது: இத்தனை மணிக்குப் போடு, இந்தப் பாட்டை வை, முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடி.

சொல்லின் பொருள் இவ்வளவு மர்மமானதல்ல. ஒரு வேலையை முடிக்க, எந்த இடத்திலும் குழப்பம் வராதபடி, அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய படிகளின் வரிசைதான் அல்காரிதம். பள்ளிக்கூடத்தில் போட்ட நெடுமுறை வகுத்தல் நினைவிருக்கும்: வகு, பெருக்கு, கழி, அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்கு, திரும்ப வகு. ஏன் இறக்குகிறோம் என்று தெரியாத பிள்ளைக்கும் விடை சரியாக வரும். செய்கிறவருக்குப் புரிய வேண்டிய கட்டாயமில்லை, படிகளை எழுதியவருக்குப் புரிந்திருந்தால் போதும். பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

சொல் பிறந்தது ஒரு மனிதரின் பெயரிலிருந்து. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள குவாரிஸ்ம் பகுதியைக் குறிக்கும் பெயர் அது. மதுரை மருதன் இளநாகனாருக்கு முன்னால் ஊர் ஒட்டிக்கொண்டது போல இவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. இந்தியர்களின் எண்முறையை, அதாவது ஒன்பது இலக்கமும் சுழியும் வைத்து இட மதிப்பில் எழுதும் முறையை, விளக்கி ஒரு நூல் எழுதினார். பழைய தமிழ்க் கணக்கர்கள் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி போட்டு எழுதிய முறையோடு ஒப்பிட்டால், புதிய முறை எவ்வளவு லேசானது என்பது தெரியும். 2300ஐ அவர்கள் ௨௲௩௱ என்று எழுத வேண்டும்.

அந்த நூலின் அரபு மூலம் இன்று இல்லை. 12ஆம் நூற்றாண்டில் நடந்த லத்தீன் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதன் தொடக்கமே "திக்சித் அல்கோரிஸ்மி", அதாவது "அல்கோரிஸ்மி சொன்னார்." ஐரோப்பியர் வாயில் அந்தப் பெயர் மெல்ல மெல்ல இந்திய எண்களால் கணக்குப் போடும் முறைக்கே பெயராகிவிட்டது. பிறகு எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான அரித்மோஸ் குறுக்கே புகுந்து கடைசி அசையை மாற்றியது. 'ரிதம்' வந்த வழி இதுதான், தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே மனிதர் எழுதிய இன்னொரு நூலின் தலைப்பில் இருந்த அல்-ஜபர்தான் அல்ஜீப்ரா ஆனது. அதற்கு நாம் இயற்கணிதம் என்று ஒரு நல்ல சொல்லைப் பிடித்து நிலைநிறுத்திவிட்டோம். அல்காரிதம் மட்டும் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது.

கணித வகுப்பைத் தாண்டாத சொல் தெருவுக்கு வந்தது சமூக ஊடகத்தால். முகநூல் 2006இல் நியூஸ் ஃபீட் என்ற செய்தியோடையைத் தொடங்கியது. யூடியூப் 2012இல் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கியக் கணக்காக மாற்றியது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016இல் நேர வரிசையை விட்டுவிட்டு, உங்களுக்குப் பிடிக்கும் என்று தாங்கள் கணிக்கிற வரிசைக்கு மாறின. அன்றிலிருந்து 'எது முதலில் வரும்' என்பது ஒரு மதிப்பெண் கணக்கு.

பெரியார் பேருந்து நிலையத்தில் திருமங்கலம் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவரின் கட்டைவிரலை ஒரு நிமிடம் கவனியுங்கள். சமையல் ஒன்று, தள்ளுகிறார். அரசியல்வாதி ஒருவர், தள்ளுகிறார். ரோட்டில் இரண்டு பேர் கட்டிப் புரளும் சண்டை. விரல் நிற்கிறது. நாலைந்து விநாடி. அவர் லைக் போடவில்லை, கருத்தும் எழுதவில்லை, முகம் சுளித்துவிட்டுத் தள்ளிவிடுகிறார். ஆனால் அந்த நாலைந்து விநாடி கணக்கில் ஏறிவிட்டது. சற்று நேரத்தில் இன்னொரு சண்டை வரும். தான் கேட்காதது வருகிறதே என்று அவர் நினைப்பார். கேட்டது அவருடைய விரல்.

கவனம் ஒரு சரக்கு என்பதைப் பொருளியலறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971இலேயே சொல்லிவிட்டார்: தகவல் பெருகினால் அது தின்னும் பண்டமான கவனத்துக்குப் பஞ்சம் வரும். கணினித் திரை முன் மனிதர்கள் ஒரே விஷயத்தில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று கலிபோர்னியாவில் குளோரியா மார்க் அளந்துவந்தார். 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடம், பிந்தைய ஆண்டுகளில் 47 விநாடி. முழுக் காரணமும் செயலிகள்தான் என்று அந்த எண் சொல்லிவிடாது. ஆனால் காலைப் பேப்பருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு, முடிவில்லாமல் உருளும் திரைக்கு அது கிடையாது. படித்ததை மனதில் போட்டுப் புரட்ட ஒரு நிறுத்தம் வேண்டும். அந்த நிறுத்தத்தைத்தான் வடிவமைப்பிலேயே எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது பிளவு. இதற்கு ஒரு துல்லியமான சாட்சியம் இருக்கிறது. முகநூலில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்த ஆவணங்களின்படி, 2017லிருந்து கோபம், சிரிப்பு, அழுகை போன்ற முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பெண் தரப்பட்டது. கோபக் குறி அதிகம் விழும் பதிவுகளில் பொய்யும் வசையும் கூடுதலாக இருப்பதை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். கோபத்தின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, 2020இல் பூஜ்ஜியமாக்கினார்கள். ஐந்து என்று எழுதியதும் ஒரு கை, பூஜ்ஜியம் என்று திருத்தியதும் ஒரு கை.

நம் பக்கம் இது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தென்மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குருபூஜை, நினைவுநாள் சமயங்களில் சாதிப் பெருமைப் பாட்டு வைத்த ரீல்ஸ் கிளம்பும். தன் பக்கத்துப் பையன் ஒருவன் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் கெட்ட வார்த்தையில் கருத்து எழுதுகிறான். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான், ஈடுபாடு. அதனால் இரண்டு பேருக்குமே அது மேலும் மேலும் போகும். ஒரே தெருவில் சேர்ந்து கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கைப்பேசியில் ஒருவரையொருவர் மோசமான முகத்தில் மட்டும் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

அதற்காகப் பழி முழுவதையும் அல்காரிதத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் முகநூல், இன்ஸ்டாகிராம் பயனர்கள் சிலருக்கு மூன்று மாதம் பழைய நேர வரிசையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வெளிவந்தது: செயலியில் செலவழித்த நேரம் குறைந்தது, அரசியல் பகைமை குறிப்பிடும்படி மாறவில்லை. வாட்ஸப் குழுக்களில் நமக்கு வருகிற செய்தியை எந்த மதிப்பெண்ணும் வரிசைப்படுத்துவதில்லை. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியால் நாட்டின் பல இடங்களில், தமிழ்நாட்டிலும், அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வதந்தியைப் பரப்பியது மாமாவும் சித்தப்பாவும் கூடப் படித்தவர்களும்தான். அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவுக்கு மட்டும், வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வந்தது.

இந்தக் கதையில் மதுரைக்கும் ஒரு பக்கம் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் செயலியைத் தரவிறக்கத் தடை விதிக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஏப்ரல் 24 அன்று அதே கிளை தடையை நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசே வேறு காரணத்துக்காக அதையும் சேர்த்து 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. ஜூலையில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது. செயலி போனது, முறை போகவில்லை. பேர் சொல்லித் தடை செய்யலாம். பேர் சரியாகத் தெரியாத முறையை என்ன செய்வது?

சரி, தமிழில் அதற்கு என்ன பேர்?

தமிழ்நாட்டுக் கணினிப் பாடநூல்களில் நெறிமுறை என்று இருக்கிறது. வகுத்தல் கணக்குக்கு அது பொருந்தும். ஆனால் நெறி என்றால் நமக்கு ஒழுங்கும் அறமும் சேர்ந்தது, 'பத்திரிகை நெறிமுறை' என்கிறோமே, அந்த அர்த்தம்தான் முதலில் தட்டும். 'கோபத்துக்கு ஐந்து மடங்கு மதிப்பெண் கொடுத்தது முகநூலின் நெறிமுறை' என்று எழுதிப் பாருங்கள். நெறியே இல்லாத இடத்தில் நெறி! போதாக்குறைக்கு 'இணைய நெறிமுறை' என்று வேறொரு தொழில்நுட்பப் பொருளிலும் அது ஏற்கெனவே புழங்குகிறது.

சிலர் விதிமுறை என்கிறார்கள், சுருக்கி விதி என்பவர்களும் உண்டு. மேடைப்பேச்சுக்கு அருமையான சொல், சட்டமும் தலையெழுத்தும் ஒரே சொல்லில் அடங்குகிறது. அதனாலேயே அது ஆகாது. பொற்கொல்லன் பொய் சொன்னதும் பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட்டதும் நன்றாகத் தெரிந்திருந்தும் ஊழ்வினை என்று சொல்லி ஆறிப்போன ஊர் இது. இன்னொரு விதி நமக்கு வேண்டாம்.

விக்கிப்பீடியாவில் படிமுறைத் தீர்வு என்ற சொல் கிடைக்கும். தீர்வை வெட்டிவிட்டுப் படிமுறை என்று வைத்துக்கொண்டால் கச்சிதம். படி படியாக எழுதி வைத்த முறை. எழுதியவர் ஒருவர் இருப்பது அதிலேயே தெரிகிறது. சூரியநாராயண சாஸ்திரி என்ற தன் பெயரையே பரிதிமாற் கலைஞர் என்று மாற்றிக்கொண்டவரின் விளாச்சேரி மதுரையை ஒட்டித்தான் இருக்கிறது. அவருக்குக் காட்டியிருந்தால் படிமுறையைப் பெரும்பாலும் ஒப்புக்கொண்டிருப்பார் என்பது என் ஆசை.

ஆனால் ஜிகர்தண்டா பையன் சொல்கிற அல்காரிதம் எல்லாப் படிமுறையும் அல்ல, எதை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்கிற ஒன்று மட்டும். அதைப் பரிந்துரை என்கிறார்கள். பிரித்தால் பரிந்து உரைப்பது. பரிவுக்கு இதில் இடமேது? முன்னிறுத்தும் படிமுறை என்று எழுதலாம். நீளம் என்று தோன்றினால், இடம் தெளிவாக இருக்கும்போது முன்னிறுத்தல் போதும்.

இதில் ஒரு இலக்கண வசதியும் இருக்கிறது. 'எனக்கு இந்த வீடியோ வருது' என்று தன்வினையில் சொல்லிப் பழகிவிட்டோம், மழை வருகிற மாதிரி. நிற்பது தன்வினை, நிறுத்துவது பிறவினை. பிறவினை வந்ததும் நிறுத்தியது யார் என்ற கேள்வி வாக்கியத்திலேயே எழும். செய்தி எழுதுகிறவர்கள் 'அல்காரிதம் காரணமாகப் பரவியது' என்பதற்குப் பதிலாக, 'இன்ஸ்டாகிராம் முன்னிறுத்தியதால் பரவியது' என்று எழுதலாம். வாட்ஸப்பில் வந்ததென்றால் அந்தச் சொல் பொருந்தாது, அங்கே 'அனுப்பினார்கள்' என்பதே சரி. பேச்சில் அல்காரிதம் இருந்துவிட்டுப் போகட்டும். கணிதம், சங்கீதம் வரிசையில் போய் உட்கார்ந்து பழைய சொல் மாதிரியே ஒலிக்கிறது, அதை எழுப்புவது கஷ்டம்.