ஆறு பிஸ்டன், மூன்று சிலிண்டர், ஒரு சத்தம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய லாரிகளின் கண்காட்சிக்கு அவரோடு போயிருந்தோம். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே, சத்தத்தை வைத்தே 'காமர் வருது' என்றார். சொன்ன மாதிரியே காமர்தான் வந்தது. மற்ற லாரிகள் எதற்கும் அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்த லாரிச் சத்தத்தில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது?"

நல்ல கேள்வி. 1950, 60-களில் பிரிட்டனில் லாரி ஓட்டிய பெரியவர்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சில விஷயங்கள் தவறாமல் வரும். ஹீட்டர் இல்லாத கேபின், கண்ணாடியின் உள்பக்கமே உறைந்துபோகும் பனி, லோடு மேல் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டியதில் காய்த்துப்போன கைகள். ஸ்காட்லாந்து போகும் ஏ6 சாலையில் ஷாப் ஃபெல் மலையேற்றம். 1970-இல் அந்தப் பகுதிக்கு எம்6 நெடுஞ்சாலை வரும்வரை, இரவு லாரிகள் எல்லாம் அந்த மலையைத்தான் முக்கி முனகி ஏறின. அப்புறம் 'நாக்கர்' பற்றிய பேச்சு வரும். காமர் லாரியின் டிஎஸ்3 எஞ்சினுக்கு டிரைவர்கள் வைத்த செல்லப்பெயர் அது. பேசுகிறவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும்.

அந்த எஞ்சின் பிறந்த சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947-இல் வந்த சட்டத்தால் பிரிட்டனின் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்து தேசியமயமாகி, 'பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ்' என்ற ஒரே பெரிய அமைப்பின் கீழ் வந்தது. 1951-இல் ஆட்சி மாறிய பிறகு, 1953-இல் வேறொரு சட்டம் போட்டு லாரிகளைத் தனியாருக்கே விற்கத் தொடங்கினார்கள். சின்னச் சின்ன முதலாளிகள் மறுபடி தொழிலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு விலை குறைவான, எடை குறைவான, ஆனால் வலுவுள்ள வண்டி தேவைப்பட்டது. எடைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. வெறும் வண்டியின் எடை 3 டன்னைத் தாண்டினால் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது என்ற வேகக் கட்டுப்பாடு 1957 வரை அங்கே இருந்தது. காமர் லாரிகளைத் தயாரித்த ரூட்ஸ் குழுமம், 1950-இல் தான் வாங்கிய டில்லிங்-ஸ்டீவன்ஸ் என்ற பழைய கம்பெனியின் மெய்ட்ஸ்டோன் தொழிற்சாலையில், 1954-இல் டிஎஸ்3 எஞ்சினை உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

அதன் கொள்ளளவு 3.26 லிட்டர்தான். கொடுத்ததோ 105 குதிரைத்திறன். அன்றைக்கு லாரி எஞ்சின்களின் அரசனாக மதிக்கப்பட்ட கார்ட்னர் 6எல்டபிள்யூ கிட்டத்தட்ட இதே திறனைத் தர 8.4 லிட்டர் எடுத்துக்கொண்டது. பாதிக்கும் குறைவான எஞ்சின் எப்படி அதே வேலையைச் செய்தது? சத்தத்தின் ரகசியமும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் உங்களுக்குத் தெரியும்: காற்றை இழு, அமுக்கு, எரி, புகையைத் தள்ளு. பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் ஒரு சிலிண்டரில் ஒரு முறை எரியும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் எரியும். நம் ஊரில் ஆர்எக்ஸ்100 பைக்கை ஓட்டியவர்களுக்கு அந்தத் துடிப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வகை பைக் எஞ்சினில் ஒரு தொல்லை உண்டு. புகை வெளியேறும் வாயும் புதுக் கலவை உள்ளே வரும் வாயும் சிலிண்டரின் ஒரே கோடியில் இருக்கின்றன. உள்ளே வருவது மேலே போய் வளைந்து திரும்பி, பழைய புகையைத் துரத்த வேண்டும். வழியில் இரண்டும் கலந்துவிடும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சைலன்சர் வழியே போய்விடும்.

டிஎஸ்3 இந்தச் சிக்கலை வேரோடு எடுத்தது. ஒரு சிலிண்டருக்குள் எதிரும் புதிருமாக இரண்டு பிஸ்டன்கள். மூன்று சிலிண்டர்களும் லாரியின் கேபின் தரைக்கு அடியில் குறுக்காகப் படுத்திருக்கும். இரண்டு பிஸ்டன்களும் நடுவை நோக்கி வரும்போது இடையில் அகப்பட்ட காற்று அமுங்கிக் கொதிக்கும். அந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து டீசல் பீச்சப்படும். எரிந்த வாயு இரண்டையும் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளும். சிலிண்டர் சுவரில் ஒரு கோடியில் வரிசையாகத் துளைகள், அவை புகைக்கு. மறு கோடியில் இன்னொரு வரிசை, அவை காற்றுக்கு. விலகிப் போகும் ஒரு பிஸ்டன் புகைத் துளைகளை முதலில் திறந்துவிடும். சற்று தாமதித்து மற்றது காற்றுத் துளைகளைத் திறக்கும். எஞ்சினே சுழற்றும் ஒரு ப்ளோயர் அந்தப் பக்கத்திலிருந்து காற்றை ஊதும். ஒரு முனையில் உள்ளே, மறுமுனையில் வெளியே, வளைவு நெளிவு இல்லாத ஒரே திசை ஓட்டம். ஊதுவது வெறும் காற்றுதான் என்பதால் எரிபொருள் வீணாவதும் இல்லை. வால்வு கிடையாது, வால்வைத் தூக்கும் கேம் ஷாஃப்ட் கிடையாது, சிலிண்டரை மூடும் சிலிண்டர் ஹெட்டே கிடையாது. ஹெட் இல்லை என்றால் ஹெட் காஸ்கெட் போவதும் இல்லை. எரியும் வெப்பத்தைத் தண்ணீருக்குத் தாரை வார்க்கும் ஒரு பெரிய பரப்பும் அதோடு ஒழிந்தது.

ஆறு பிஸ்டன்கள் என்பதால் ஆறு சிலிண்டர் வேலை நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று இடங்களில்தான் எரிப்பு. ஒவ்வொரு பிஸ்டனும் 4 அங்குலம் நகர்கிறது. இரண்டும் சேர்ந்தால் 8 அங்குலம். குறுகிய, நீண்ட ஒரு சிலிண்டர் கிடைத்துவிடுகிறது. பிஸ்டன் வேகமோ 4 அங்குலத்துக்குரிய வேகமே.

எதிரெதிர் பிஸ்டன் எஞ்சின் புதிதல்ல. ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமான எஞ்சின்களில் அது முன்பே இருந்தது. அங்கே இரண்டு கோடிகளிலும் ஆளுக்கொரு கிராங்க் ஷாஃப்ட், இரண்டையும் இணைக்க வரிசையாகப் பல்சக்கரங்கள். விமானத்துக்குச் சரி. ஏழு டன் லோடு லாரிக்கு அவ்வளவு செலவு செய்ய முடியுமா? டிஎஸ்3-இன் அழகு இங்கேதான் தொடங்குகிறது. இதை எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சிலிண்டர்களுக்கு நேர் கீழே ஒரே ஒரு கிராங்க் ஷாஃப்ட். சிலிண்டரின் இரு கோடிகளிலும், நடுவில் அச்சு கொண்டு சீசா போல ஆடும் தடித்த ராக்கர் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதன் மேல் நுனி ஒரு குட்டி ராடு வழியாகப் பிஸ்டனோடு இணைந்திருக்கிறது. கீழ் நுனியிலிருந்து ஒரு நீளமான கனெக்டிங் ராடு கிராங்குக்குப் போகிறது. பிஸ்டன் வெளியே தள்ளும்போது ராக்கரின் மேல் நுனி வெளியே சாய்கிறது. கீழ் நுனி உள்ளே வருகிறது. நீள ராடு கிராங்கைத் தள்ளுகிறது. எதிர்ப் பக்கத்திலும் அதே நேரத்தில் இதே கதை. ஆக, கிராங்கின் மேல் இடமிருந்து ஒரு தள்ளு, வலமிருந்து ஒரு தள்ளு. இரண்டு ராடுகளும் பிடித்திருக்கும் கிராங்க் பின்கள் ஏறக்குறைய எதிரெதிராக அமைந்திருப்பதால், இரண்டு தள்ளும் சேர்ந்து அதைச் சுழற்றுகின்றன.

ஒரு துண்டுத் தாளில் வரைந்து பாருங்கள். சாதாரண எஞ்சினில் எரிப்பின் முழு விசையும் கிராங்கை ஒரே பக்கமாக அழுத்தும். அந்தச் சுமையைக் கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங்குகள் தாங்க வேண்டும். அதைத் தாங்க எஞ்சின் பிளாக்கும் தடிமனாக இருக்க வேண்டும். இங்கே இடது தள்ளும் வலது தள்ளும் பெருமளவு ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. மிஞ்சுவது சுழற்றும் விசை மட்டும். பிஸ்டன்கள் எதிரெதிரே ஓடுவதால் அதிர்வும் அடங்குகிறது. வெறும் ஆறு ராக்கர்களைச் சேர்த்து ஒரு கிராங்க் ஷாஃப்டையும் பல்சக்கர வரிசையையும் தவிர்த்தார்களே, அந்தச் சிக்கனத்தைத்தான் நான் பொறியியல் என்பேன்.

சரி, சத்தத்துக்கு வருவோம். டிஎஸ்3 நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும். ஒரு சுற்றுக்கு மூன்று எரிப்பு. ஆக நொடிக்கு 120 வெடிப்பு. ஆறு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக்கான கார்ட்னரிலும் ஒரு சுற்றுக்கு மூன்றுதான். ஆனால் அது 1,700 சுற்றோடு நின்றுவிடும். நொடிக்கு 85. சுருதி அப்போதே மேலே ஏறிவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், புகைக்கு வழி திறக்கும் விதம். வால்வு என்பது கேம் தூக்கத் தூக்க மெல்ல எழுவது. டிஎஸ்3-இல் பிஸ்டன், வேகம் குறைவதற்குள்ளாகவே துளைகளின் விளிம்பைக் கடந்துவிடுகிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள அத்தனை துளைகளும் ஒரே கணத்தில் திறக்கின்றன. உள்ளே அழுத்தம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஒரு சுற்றுக்கே நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான் நேரம். அதிலும் ஒரு பகுதிக்குள் பழையது போய்ப் புதியது வந்தாக வேண்டும் என்பதால் முன்கூட்டியே திறந்தே ஆக வேண்டும். விளைவு, புகைக் குழாயில் கூர்மையான ஓர் அழுத்த அலை. கூர்மையான அலையில் மேல்சுருதிகள் நிறைய இருக்கும். உறுமல் குரைப்பாக மாறுவது அதனால்தான். கூடவே ப்ளோயரின் ஊளை. லோடு ஏற ஏற, அழுத்தம் கூடக் கூட, குரைப்பின் கூர்மையும் கூடும். மலையேறும் நாக்கரை மைல் தூரத்திலேயே கண்டுபிடித்தோம் என்று டிரைவர்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் காது அந்த மேல்சுருதிகளைத்தான் பிடித்திருக்கிறது.

இன்னொரு கதையும் அவர்கள் சொல்வார்கள். ஏற்றத்தில் எஞ்சின் நின்று, கியரில் இருந்தபடியே வண்டி பின்னால் உருண்டால், சில சமயம் எஞ்சின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கிவிடுமாம். புகை ஏர் ஃபில்டர் வழியாக வெளியே வருமாம். கேட்டால் கட்டுக்கதை போலிருக்கும். ஆனால் இயக்கத்தை யோசித்தால் அதில் தடை ஒன்றும் இல்லை. வால்வு எஞ்சினில் எது முன், எது பின் என்பதைக் கேம் தீர்மானிக்கிறது. துளைகளுக்குத் திசை கிடையாது. பிஸ்டன் எந்தப் பக்கம் போனாலும் திறக்கும், மூடும். கிராங்க் தலைகீழாகச் சுற்றினால் ப்ளோயரும் தலைகீழாகச் சுற்றி, காற்றைப் புகைக் குழாய் வழியே இழுத்து ஃபில்டர் வழியே தள்ளும். ஆயில் பம்ப்பும் தலைகீழாகிவிடுவதால் உடனே நிறுத்தாவிட்டால் எஞ்சின் கதி அதோகதி.

குறைகளும் உண்டு. குறைந்த சுற்றில் முக்கவிட்டே ஓட்டினால் புகைத் துளைகளில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும், இழுவை போய்விடும். அவ்வப்போது கரி எடுத்தாக வேண்டும். கார்ட்னரில் பழகியவர்கள் மெதுவாக இழுத்து ஓட்டுவார்கள். நாக்கரை அப்படி ஓட்டினால் அது கோபித்துக்கொள்ளும்.

அடுத்ததாக நான்கு சிலிண்டர் டிஎஸ்4 தயாரானது. மாதிரி எஞ்சின்கள் சாலையில் ஓடி நல்ல பலன் காட்டின. அதற்குள் ரூட்ஸ் குழுமம் அமெரிக்காவின் கிறைஸ்லர் கைக்குப் போய்விட்டது, திட்டம் நிறுத்தப்பட்டது. இதில் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். ஓடுகிற ஓர் ஆராய்ச்சியைக் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து நிறுத்தும்போது எஞ்சினோடு சேர்ந்து, அதை உருவாக்கியவர்களின் கைப்பழக்கமும் போய்விடுகிறது. அதை மறுபடி வாங்கக் கடை கிடையாது. லங்காஷயரின் லேலண்ட் நிறுவனத்தோடு கைகோத்து எண்ணூரில் காமெட் லாரிகள் வந்தனவே, அவற்றை ஓட்டிய, பழுது பார்த்த நம் பெரியவர்களின் நினைவுகளையாவது நம் பல்கலைக்கழகங்கள் ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். ஒரு ஒலிவாங்கிக்கும் பயணப்படிக்கும் ஆகும் செலவுதான்.

வாசகியின் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது: இந்த எஞ்சின் திரும்பி வருமா? பழைய வடிவில் வராது. பிஸ்டன் வளையங்கள் ஒவ்வொரு சுற்றிலும் துளைகளைத் தேய்த்துக்கொண்டு போவதால் கொஞ்சம் ஆயில் புகையோடு போய்விடும். இன்றைய மாசுக் கட்டுப்பாடுகள் அதை ஏற்காது. ஆனால் எதிரெதிர் பிஸ்டன் என்ற கருத்தைப் பொறியாளர்கள் கைவிடவில்லை. ஹெட் இல்லாததால் மிச்சமாகும் வெப்பம் அவ்வளவு பெரிய லாபம். அமெரிக்காவில் கம்மின்ஸ் நிறுவனம் ராணுவ வண்டிகளுக்காக இதே கொள்கையில் ஓர் எஞ்சினை உருவாக்கியது. துளைகளைத் தாண்டும்போது ஆயிலைச் சிந்தாத வளையங்கள், கணினி கட்டுப்பாட்டில் டீசல் பீச்சுதல் என்று மெய்ட்ஸ்டோன்காரர்களிடம் இல்லாத வசதிகள் இப்போது இருக்கின்றன. ஒன்று மட்டும் அவர்கள் வழியில் போகவில்லை: அதில் ராக்கர்கள் கிடையாது, கிராங்க் ஷாஃப்ட் இரண்டு.