நித்திரைக் குளிசையும் ஒரு கோப்பை கமோமைலும்

வெள்ளவத்தையில் அம்மாவின் சமையலறை அலுமாரியைத் திறந்தால் லண்டனிலிருந்து சித்தி அனுப்பிய கமோமைல் பூத்தேநீர்ப் பெட்டிகள் அடுக்கி இருக்கும், பக்கத்திலேயே பழைய பிஸ்கட் டின்னில் அவருடைய நித்திரைக் குளிசைகள். இரவு பத்து மணிக்கு இரண்டையும் சேர்த்தே எடுக்கிறார் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரியும். "அது வெறும் பூத்தண்ணிதானே பிள்ளை, அதில என்ன இருக்கு?" என்றார்.

இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது.

மூளையின் நரம்புக் கலங்களை அடக்கி வைப்பது காபா என்ற இரசாயனம். கலத்தின் மேல் அதை ஏற்கும் 'வாங்கி' என்ற புரதத்தில் அது போய் உட்கார்ந்தால் ஒரு சின்னப் படலை திறக்கும், குளோரைட் அயன்கள் உள்ளே போகும், கலம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். டயசிபாம், குளோனசிபாம் போன்ற குளிசைகள் இந்தப் படலையைத் தாங்களாகத் திறப்பதில்லை. அதே வாங்கியின் வேறொரு மூலையில் ஒட்டிக்கொண்டு, காபா தள்ளும்போது படலை அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன, பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டது போல.

கமோமைல் பூவில் இருக்கும் அபிஜெனின் என்ற பொருளும் அதே மூலையில்தான் ஒட்டுகிறது என்று 1995 இல் ஆர்ஜென்டினா ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் பிடி பலவீனம், வெந்நீரில் கரைந்து வருவதும் சொற்பம். அதனால் ஒரு கோப்பை, குளிசையோடு சேர்ந்து ஆளை அடித்துப்போட்டுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். செறிவாக்கி அடைத்த மூலிகைக் கப்சூல்களின் கதை வேறு. வலேரியன் என்ற மூலிகையின் வேரில் இருக்கும் அமிலம் அதே வாங்கியில் இன்னொரு இடத்தைப் பிடிக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சடாமாஞ்சில் அதற்குச் சொந்தக்காரச் செடி. அமுக்கிராவின் தாவரவியல் பெயரிலேயே சோம்னிஃபெரா, நித்திரை தருவது என்ற சொல் இருக்கிறது. இவற்றைக் குளிசையோடு எடுக்கிறவர்கள் டொக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். தடிமனுக்கு மல்லித் தண்ணியோடு போடும் பிரிட்டன் (Piriton) குளிசையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது மூளையில் ஹிஸ்டமினைத் தடுத்துத் தூக்கத்தைக் கூட்டுகிற மருந்து, பலருக்கு அது கணக்கிலேயே வருவதில்லை.

அம்மாவின் விஷயத்தில் என்னைப் பயமுறுத்தியது மூலிகை அல்ல, தண்ணீர். பத்து மணிக்குப் பெரிய கோப்பை நிறையக் குடித்தால் இரண்டு மணிக்குச் சிறுநீர் முட்டும், அந்த நேரம் குளிசை இன்னும் இரத்தத்தில் இருக்கும். வயதானவர்களின் உடம்பு டயசிபாமை மெதுவாகத்தான் வெளியேற்றும், அது ஒரு நாளுக்கு மேலும் தங்கும். தலை பாரம், கால் தள்ளாட்டம், ஈர பாத்ரூம் தரை. இடுப்பெலும்பு முறிய வேறென்ன வேண்டும்?

கமோமைல் தேநீரால் பயனே இல்லை என்பதும் சரியல்ல. சூடான பானம் குடித்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பு வெப்பத்தை வெளியே விடும், உள் வெப்பம் இறங்குவது நித்திரைக்கு உதவும். டிவியை நிறுத்தி, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும் அந்தக் கால்மணி நேரமும் மூளைக்கு ஒரு பழக்கமாகிவிடும். முக்கியமாக அதில் கஃபீன் இல்லை. பிளேன்டீயின் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும்.

இதையெல்லாம் கேட்ட அம்மா, "அப்ப குளிசையை விட்டிட்டு இதையே குடிக்கிறன்" என்றார். அதுதான் கூடவே கூடாத காரியம். வருடக்கணக்காக எண்ணெய் விட்ட படலைக்கு மூளை பழகி, தன் பக்கத்தில் அடக்கும் சக்தியைக் குறைத்து வைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் நித்திரை முன்னைவிட மோசமாகும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். அபிஜெனினால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

டொக்டரிடம் கூட்டிப் போனேன், பெட்டியையும் டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் குறைக்கச் சொன்னார். கமோமைல் இப்போது மாலை ஏழு மணிக்கு, அரைக் கோப்பை. பாத்ரூம் வழியில் ஒரு சின்ன விளக்கு விடிய விடிய எரிகிறது.