கேள்வி கேட்கும் பெட்டியை வாயடைக்காமல் சமாளிப்பது எப்படி?

புறக்கோட்டை மொத்தக்கடையின் பின்னறையிலும் வெள்ளவத்தை அச்சகத்திலும் காலையில் இதே காட்சிதான். கணக்கு மென்பொருளைத் திறந்தால் திரை மங்கி, 'கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி வரும். நாளுக்குப் பத்துத் தடவை 'யெஸ்' அழுத்திக் களைத்த ஒருவர், கடைசியில் அந்தக் கேள்வியையே அடியோடு நிறுத்திவிடுவார். அது தேவையற்ற ஆபத்து. ஒரு மென்பொருள் ஏன் கேட்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கேட்காமலே ஓட வைக்கலாம்.

2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோடு அறிமுகமானது 'யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்' என்ற இந்த ஏற்பாடு. நிர்வாகி (அட்மினிஸ்ட்ரேட்டர்) பயனர் கணக்கில் நுழைபவருக்கு விண்டோஸ் இரண்டு அனுமதிச் சீட்டுகள் தயாரிக்கிறது: ஒன்று அதிகாரம் குறைக்கப்பட்டது, மற்றது முழு அதிகாரம் கொண்டது. நீங்கள் திறக்கும் எதுவும் வழக்கமாக முதல் சீட்டிலேயே ஓடும். இரண்டாவது சீட்டை வெளியே எடுக்கும் தருணத்தில்தான் பெட்டி வருகிறது. திரை மங்குவதற்கும் காரணம் உண்டு. அந்தப் பெட்டி வேறொரு பாதுகாப்பான திரைத்தளத்தில் திறக்கிறது. அங்கே சாதாரண மென்பொருள் எதுவும் உங்களுக்குப் பதிலாக 'யெஸ்' அழுத்த முடியாது.

விண்டோஸ் 10இல் பெட்டியின் தலைப்பட்டை நீலமாக இருந்தால் கோப்பில் வெளியீட்டாளரின் செல்லுபடியான டிஜிட்டல் கையொப்பம் உண்டு. மஞ்சள் என்றால் வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை. கையொப்பம் நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. யார் வெளியிட்டார், அதன்பின் கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். 'ஷோ மோர் டீட்டெயில்ஸ்' அழுத்திக் கோப்பின் இடத்தையும் பாருங்கள். மென்பொருள்கள் பதியப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் இருக்கவேண்டிய ஒன்று டவுன்லோட்ஸிலிருந்தோ தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையிலிருந்தோ கேட்டால் 'நோ'தான்.

பெட்டி எப்போது வரவேண்டும் என்று அமைக்கும் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் நழுவுபட்டையில் நான்கு நிலைகள் உண்டு. மேலிருந்து இரண்டாவது, விண்டோஸ் தானாக வைத்திருப்பது, அதிலேயே விடுங்கள். அடிமட்டத்துக்கு இறக்கினால், நிர்வாகி கணக்கில் கேட்கும் எல்லாவற்றுக்கும், வைரஸ் உட்பட, சத்தமில்லாமல் முழு அதிகாரம் போய்விடும்.

இனி மூல காரணம். விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணக்கு மென்பொருள்கள் பல, தரவுக் கோப்பைத் தங்கள் நிரல் கோப்புறைக்குள்ளேயே ஒரு தரவுக் கோப்புறையில் எழுதுகின்றன. புரோகிராம் ஃபைல்ஸில் எழுத நிர்வாகி அதிகாரம் தேவை. அதனால்தான் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று யாராவது அமைத்துவிடுகிறார்கள். அப்படி அமைக்காவிட்டால் விண்டோஸ் ஒரு தந்திரம் செய்யும்: பழைய 32 பிட் மென்பொருள் எழுதுவதைத் தடுக்காமல், பயனரின் ஆப்டேட்டா, லோக்கல் என்பதற்குள் உள்ள 'வெர்ச்சுவல்ஸ்டோர்' கோப்புறைக்குத் திருப்பிவிடும். பயனர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி. காசாளர் போட்ட பில், முதலாளியின் பயனர் கணக்கில் நுழைந்தால் தெரியாது. நிர்வாகியாகத் திறந்தால் பழைய மூலக் கோப்பு வரும். 'தரவு அழிந்துவிட்டது' என்று கடையே பதறும். அழியவில்லை, வேறிடத்தில் இருக்கிறது. மூலக் கோப்புறையை மட்டும் பிரதி எடுத்துவைக்கும் கடைகள் பாவம், மாதக்கணக்கில் வெறும் பழைய கோப்பையே சேமித்திருக்கும்.

திருத்தும் முறை இது. மென்பொருளை மூடி, இரு இடங்களிலும் உள்ள தரவை வெளி வட்டில் பிரதி எடுங்கள். தேதியைப் பார்த்துப் புதியதை மூலத் தரவுக் கோப்புறையில் வையுங்கள். பலர் தனித்தனியாகப் பதிந்திருந்தால், விடுபட்ட பில்களைக் கையால்தான் சேர்க்கவேண்டும். பிறகு வெர்ச்சுவல்ஸ்டோர் பிரதியைக் கட்டாயம் அகற்றுங்கள். அது இருக்கும்வரை மென்பொருள் அதையே முதலில் படிக்கும். அடுத்து தரவுக் கோப்புறையின் புரொப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று போய் 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மொடிஃபை' கொடுங்கள். நிரல் கோப்பு இருக்கும் கோப்புறைக்குக் கொடுக்கவே கூடாது. கடைசியாக, மென்பொருளின் புரொப்பர்ட்டீஸில் கொம்பெட்டிபிலிட்டி தாவலுக்குப் போய் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' அடையாளத்தை நீக்குங்கள்.

நிர்வாகியாக ஓட்டாமல் விடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நிர்வாகியாக ஓடும் சாளரத்துக்குள் அதிகாரம் குறைந்த மென்பொருள் விசைகளை அனுப்ப முடியாது; ஆகவே விசையை இடைமறித்துத் தமிழாக்கும் தட்டச்சுக் கருவிகள் அங்கே வேலை செய்யாது. கோப்பை இழுத்துப் போடவும் முடியாது. இணைத்துவைத்த நெட்வொர்க் டிரைவும் காணாமல் போகலாம்.

பாமினி எழுத்துருவுக்கும் அதிகாரம் தேவையில்லை. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, 'இன்ஸ்டோல்' என்பது அந்தப் பயனருக்கு மட்டும் பதியும். அச்சகத்தில் எல்லாக் கணக்குகளிலும் வேண்டுமானால் 'இன்ஸ்டோல் ஃபோர் ஆல் யூசர்ஸ்'. அதற்குப் பெட்டி வரும்.

வன்பொருளைத் தொடும் கருவி போன்றவைக்கு உண்மையிலேயே அதிகாரம் வேண்டும். அவை கணினி திறந்ததும் ஓடவேண்டியவை என்றால் மென்பொருள்களைத் தானாகத் தொடங்கவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் புதிய பணி உருவாக்கி, 'ரன் வித் ஹையெஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பதைத் தெரிவுசெய்து, தொடங்கும் நேரமாக 'அட் லொக் ஒன்' வையுங்கள். பெட்டி வராது. மடிக்கணினியில் 'மின் இணைப்பு இருந்தால் மட்டும் தொடங்கு' என்ற அடையாளம் தானாகவே இடப்பட்டிருக்கும். அதை எடுக்காவிட்டால் மின்வெட்டு நேரத்தில் கருவி திறக்காது. 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்தும் அமைப்பையும் நீக்குங்கள். இது நிர்வாகி கணக்குக்கே பலிக்கும். சாதாரணக் கணக்குக்கு இல்லாத அதிகாரத்தைப் பணி உண்டாக்கித் தராது. நிரல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்தான் இருக்கவேண்டும். டெஸ்க்டொப்பில் கிடந்தால், எந்தத் தீய மென்பொருளும் அதே பெயரில் தன்னை அங்கே மாற்றிவைத்து, மறுநாள் காலை முழு அதிகாரத்தோடு எழும்பும்.