கசிவு என்று சொல்லிக் குளத்தை வற்ற வைக்காதீர்கள்

இந்தக் கோடையில் மட்டும் மூன்றாவது முறையாக அதே காட்சியைப் பார்த்துவிட்டேன். பல்லடம் பக்கத்தில் ஒரு தோட்டம்; அதில் இரண்டு ஆண்டுகளாக நன்றாக நீர் தாங்கிய களிமண் குளம். சித்திரையில் நீர்மட்டம் இறங்குவதைக் கண்ட உரிமையாளர், ஓட்டையைத் தேடுவதற்காக மோட்டார் வைத்து நீர் முழுவதையும் இறைத்து, பத்து நாட்கள் வெயிலில் காயவிட்டிருக்கிறார். தரை பாளம் பாளமாக வெடித்ததும், வெடிப்புகளில் சிமென்ட் கலவையை ஊற்றிவிட்டு என்னை அழைத்தார். அவர் இறைக்கும் வரை அந்தக் குளத்தில் ஓட்டையே இருந்திருக்காது என்பதுதான் என் கணிப்பு.

நம் ஊர்க் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6, 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாவது இயல்பு. வாரத்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். கரையோரச் செடிகள் உறிஞ்சுவது தனிக் கணக்கு. ஐயம் இருந்தால், ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, உள்ளே கல் வைத்து, விளிம்பு வெளியே தெரியும்படி ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்துங்கள். வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் கோடிட்டு மூன்று நாட்கள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயிலின் வேலை. வெளியே மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால்தான் கசிவு. அப்போதும் இறைக்க வேண்டாம், தானாக இறங்கும் நீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தை ஒட்டித்தான் ஓட்டை இருக்கும். அதுவரை வெளித்தெரியும் களிமண்ணை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

களிமண்ணைக் கொட்டினாலே நீர் தங்கிவிடும் என்ற எண்ணம்தான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம். நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர்களே இப்படி நினைப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. சேற்றுழவு எதற்காகச் செய்கிறோம்? நீர் கட்டி, உழுது, மிதித்துக் குழைக்கும்போது மண்ணின் கட்டிகள் உடைந்து, இடைவெளிகள் அடைபடுவதால்தான் வயலில் நீர் நிற்கிறது. லாரியில் வந்த களிமண்ணை அப்படியே குழியில் பரப்பினால் அது கட்டிகளின் குவியல் மட்டுமே. குழைத்த களிமண்ணும் ஈரமாக இருக்கும் வரைதான் காவல். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அதிலும் கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்துக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும் மண்ணோடு அசையாத சிமென்ட் ஒருபோதும் ஒட்டாது. ஓரத்தில் புதிய வெடிப்பைத்தான் உண்டாக்கும்.

புதிதாகக் கட்டுவோர் மண்ணை ஈரமாக்கிப் பென்சில் கனத்துக்குத் திரித்து வளையமாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் அந்த மண் வேண்டாம். ஏரி மண் என்றால் அனுமதி பெற்று எடுங்கள். சரிவு நீளத்தில் மூன்று பங்குக்கு ஆழத்தில் ஒரு பங்கு என்பதற்கு மேல் செங்குத்தாக வேண்டாம். பதினைந்து சென்டிமீட்டர் அடுக்குகளாக இட்டு மிதித்து, மொத்தம் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பூசி, அதன் மேல் சாதாரண மண்ணைப் பரப்பி, அன்றன்றைய வேலையை ஈரச் சாக்கால் மூடி, முடிந்த உடனே நீர் விடுங்கள். கரையில் ஆலும் அரசும் வேண்டாம். ஜிலேபிக் கெண்டையை விடாதீர்கள். முட்டையிடத் தரையில் குழி பறிக்கும் மீன் அது. நண்டு வளை தெரிந்தால் அன்றே குழைத்த களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், தயவுசெய்து, நீர் விடுவதற்கு முன்பே வேலி போட்டுவிடுங்கள். முழங்கால் ஆழம்தானே என்று என்னிடம் சொல்லாதீர்கள். தவழும் குழந்தைக்கு அந்த ஆழமே மிக அதிகம்.

பல்லடத்துத் தோட்டத்தில் இப்போது சிமென்டை உடைத்து அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறோம். வெடித்த களிமண்ணைக் கொத்தி, ஊறவைத்து, மறுபடியும் மிதித்துப் பூச வேண்டும். ஐப்பசி மழைக்குள் முடிந்தால் டேங்கர் தண்ணீர்ச் செலவாவது அவருக்கு மிச்சமாகும்.