குருதியமுக்கத் தாழ்த்தல்: ஒரு சொல் விளக்கம்

என்பு முறிவுச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளருக்குக் கொடுக்கப்படும் தமிழ்க் குறிப்புகளில் சத்திரசிகிச்சையின்போது குருதியமுக்கத்தை மருந்தினால் திட்டமிட்டுக் குறைத்து வைக்கும் முறைக்கு ‘தாழமுக்க மயக்கம்’ என்ற தொடரைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். இது தவறான ஆக்கம்.

ஆங்கில மூலச்சொல்லான ‘ஹைப்போரென்ஷன்’ (hypotension) என்பதில் முற்பகுதி கிரேக்கம்; ‘கீழ்’ என்று பொருள். பிற்பகுதி இலத்தீன், இழுவிசையைக் குறிக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் இச்சொல் ஒரு செயலைச் சுட்டுகிறது. வெட்டுண்ட என்பின் மச்சையிலிருந்து கசியும் குருதியை, நாடியைக் கவ்விக் கட்டுவதுபோல் கட்டி நிறுத்த இயலாது. இறுக்கிக் கட்டும் பட்டியும் கைகால்களுக்கே உதவும், இடுப்புக்கோ முள்ளந்தண்டுக்கோ உதவாது. ஆகவே, தகுந்த நோயாளர்களில், சராசரி நாடியமுக்கத்தை மருந்தினால் 50 முதல் 65 மி.மீ. இரசம் வரையில் இறக்கி வைத்துக் குருதியிழப்பைக் குறைக்கிறார்கள். 1917இல் அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் முன்மொழிந்த முறை இது.

‘தாழமுக்கம்’ என்றால் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் வங்காள விரிகுடாவும் கார்த்திகை மழையுமே நினைவுக்கு வரும். அதனோடு ‘மயக்கம்’ சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: ‘பிரஷர்’ இறங்கித் தலைசுற்றி விழுவதைத்தான் நம்மவர் மயக்கம் என்கிறார்கள். மருத்துவர் திட்டமிட்டுச் செய்யும் ஒன்று, நோயாளருக்கு நேரப்போகும் விபத்தாகப் படிக்கப்படுகிறது. ‘குறை குருதியமுக்கம்’ என்ற மாற்றும் பொருந்தாது. அது ஒரு நிலையின் பெயர். தொடையென்பு முறிந்து ஒரு லீற்றருக்கு மேல் குருதி இழந்தவருக்குத் தானாக ஏற்படுவதும் அந்த நிலைதான். அதை மருத்துவர் உடனே சீர்செய்ய முயல்வார். மற்றையதை அவரே உண்டாக்குகிறார். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது ஆபத்தானது.

தன்வினை, பிறவினை வேறுபாட்டை ஓர் ஒற்றெழுத்தால் காட்டும் மொழி நம்முடையது. தாழ்தல் தானாக நிகழ்வது. தாழ்த்தல் ஒருவர் செய்வது. எனவே ‘கட்டுப்படுத்திய குருதியமுக்கத் தாழ்த்தல்’ என்பதே பொருத்தம். ‘இரத்தம்’ வடசொல் வழி வந்தது. நமது பாடநூல்களில் ‘குருதி’ நன்றாக வேரூன்றியிருக்க, அதை விடுவதற்குக் காரணமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண்ணில், அகராதியின் முதற் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளரின் அவசரம் வருத்தமளிக்கிறது.

குறிப்பில் கலைச்சொல்லே வேண்டாமென்றால், ‘உங்கள் குருதியமுக்கத்தை மருந்தினால் அளவோடு தாழ்த்தி வைத்திருப்போம்’ என்று எழுதலாம். அமுக்கம் அளவுமீறித் தாழ்ந்தால் மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்குக் குருதி போதாமற் போகும். நெடுங்காலம் உயர் குருதியமுக்கம் உள்ளவர்களுக்கு இந்த இடர் அதிகம். இவ்வாறு எழுதியிருந்தால், அத்தகைய முதியவர் ஒருவர் கையொப்பமிடுமுன் ‘எவ்வளவு தாழ்த்துவீர்கள், டொக்டர்?’ என்று கேட்க முடியும்.